பகல் வெயில், இரவு விளக்கு

வெயிலுக்கு விலை இல்லை. வெயிலில் இருந்து மின்சாரம் எடுத்தால் புகையும் இல்லை. பிறகு ஏன் நாம் இன்னும் நிலக்கரியை எரிக்கிறோம்?

தேவை கூடுகிறது

முன்பு வீட்டுக்கு ஒரு விளக்குதான். இன்று மின்விசிறி, டி.வி., மிக்ஸி எல்லாம் ஓடுகின்றன. வயலில் பம்புசெட் ஓடுகிறது. 2024 மே 30 அன்று கடும் வெயில். அன்று நம் நாட்டுக்கு ஒரே நேரத்தில் 2,50,000 மெகாவாட் மின்சாரம் தேவைப்பட்டது. அதற்கு முன் இவ்வளவு தேவைப்பட்டதே இல்லை.

அந்த ஆண்டு கிடைத்த மின்சாரத்தில் 4 பங்கில் ஏறக்குறைய 3 பங்கு நிலக்கரி தந்தது. நிலக்கரிப் புகை காற்றைக் கெடுக்கிறது. பூமியின் சூட்டையும் கூட்டுகிறது. சூடு கூடினால் மின்விசிறி அதிகம் ஓடும். இன்னும் மின்சாரம் வேண்டும்.

வெயில் கைகொடுக்கிறது

ராஜஸ்தானில் பத்லா என்னும் ஊர் இருக்கிறது. பாலைவனப் பகுதி. அங்குள்ள சூரிய மின்பூங்காவின் திறன் 2,245 மெகாவாட். இப்படிப் பல இடங்களில் அமைத்து வருகிறார்கள்.

ஆனால் மாலையில் சூரியன் மறைகிறது. அப்போதுதான் வீடுகளில் விளக்கு எரிகிறது. அந்த நேரத்தில் நிலக்கரியை நிறுத்தினால் என்ன ஆகும்? ஊர் இருளும். மருத்துவமனையும் தவிக்கும்.

மின்சாரத்துக்கும் ஏரி

மழை தினமும் பெய்வதில்லை. அதனால் நம் முன்னோர் ஏரி வெட்டினார்கள். மின்சாரத்தையும் அப்படிச் சேர்த்து வைக்கலாம்.

மேற்கு வங்காளத்தில் புருலியா மாவட்டத்தில் மலைமேல் ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒரு நீர்த்தேக்கம். மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். தேவைப்படும்போது கீழே விடுகிறார்கள். விழும் தண்ணீர் 900 மெகாவாட் வரை தரும். ஏற்றச் செலவாகும் மின்சாரம் முழுவதும் திரும்பக் கிடைக்காது. ஆனாலும் வேண்டிய நேரத்தில் கிடைக்கிறது.

குஜராத்தில் மொதேரா கிராமத்துக்கு 2022இல் வேறு ஏற்பாடு செய்தார்கள். பகல் மின்சாரத்தைப் பெரிய பேட்டரிகளில் சேர்த்தார்கள். இரவில் அது விளக்கெரித்தது.

இவற்றுக்குப் பணமும் காலமும் வேண்டும். சுரங்கத்தை நம்பி வாழும் லட்சக்கணக்கானவர்களுக்கு வேறு வேலையும் வேண்டும். அதனால்தான் ஒரே நாளில் மாற முடிவதில்லை. ஆனால் மாறாமல் இருக்கவும் முடியாது.

நம் பங்கு

60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பே தரும். தண்ணீர் ஏற்றும் மோட்டாரைப் பகலில் ஓட்டலாம். மாலையில் மிச்சமாகும் மின்சாரம் நிலக்கரியை மிச்சமாக்கும்.

எண்ணிப் பாருங்கள்: இன்று மாலை உங்கள் வீட்டில் என்னென்ன ஓடுகின்றன? எதைப் பகலுக்கு மாற்றலாம்?