ஆயில் இன்ஜின் ஓய்ந்தது. மிச்ச டீசலை என்ன செய்வது?

போன கோடையில் மண் மாதிரி எடுக்க, திருவண்ணாமலை - போளூர் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். கை கழுவக் கிணற்றில் வாளியை இறக்கியபோது நிலத்துக்காரர் தடுத்தார். "அந்தத் தண்ணி வேணாம் சார், சீமெண்ணெய் வாடை அடிக்குது. மாடுகூட வாய் வைக்க மாட்டேங்குது" என்றார்.

தவறு அவருடையது அல்ல. மேட்டு நிலத்துக்காரருக்கு மின் இணைப்பு கிடைத்ததும் ஆயில் இன்ஜினை விற்றுவிட்டார். பேரலில் மிஞ்சிய டீசலைக் கொட்டகைக்குப் பின்னால் பள்ளத்தில் ஊற்றிவிட்டார். கெடுதல் செய்யும் எண்ணம் இல்லை. வேறு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

2021-ல் தமிழக அரசு ஒரு லட்சம் விவசாய மின் இணைப்பு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. இணைப்பு பெற்ற பலரின் பம்பு செட்டு கொட்டகையில் பழைய இன்ஜினும், பாதி கேன் டீசலும், கறுத்த வேஸ்ட் ஆயிலும் கிடக்கின்றன. மழைக்கு முன் கொட்டகையைச் சுத்தம் செய்யும்போது இவற்றை எங்கே கொட்டுவது என்று யோசிப்பீர்கள். எங்கேயும் கொட்டாதீர்கள்.

பாறை பூமியில் கூடுதல் ஆபத்து

நம் மாவட்டம் பெரும்பாலும் கடும்பாறை பூமி. கிணற்றுக்குத் தண்ணீர் பாறை இடுக்கு வழியாகத்தான் ஊறுகிறது. மணலும் வண்டலும் ஓரளவு வடிகட்டும். பாறை இடுக்கு வடிகட்டாது. உங்கள் நிலத்தில் ஊற்றியது பக்கத்து நிலத்துக் கிணற்றில் தலைகாட்டும்.

சிறிதளவு எண்ணெய் எவ்வளவு தூரம் பரவும் தெரியுமா? லண்டனில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டுப் பார்த்த பெஞ்சமின் பிராங்க்ளின், அது ஏறக்குறைய அரை ஏக்கர் நீர்ப்பரப்பில் பரவியதாக 1774-ல் எழுதியிருக்கிறார். அரை கேன் டீசல் கிணற்றை என்ன செய்யும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

மண்ணுக்கும் கேடுதான். எண்ணெய் படிந்த மண் தண்ணீரை உள்ளே இழுக்காது. எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சள் பூக்கும்.

பழைய டீசலைச் சோதியுங்கள்

டீசலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஓர் இரவு அசையாமல் வையுங்கள். மேலே தெளிவாக இருந்து, அடியில் தண்ணீரோ தூசியோ மட்டும் தங்கினால் அது பயன்படும். தெளிந்ததை மட்டும் இறுத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, ஒரு பங்குக்கு நான்கைந்து பங்கு புதிய டீசல் கலந்து பழைய மாடல் இன்ஜினில் ஓட்டலாம். புதிய மாடல் டிராக்டரில் மெக்கானிக்கைக் கேட்காமல் ஊற்ற வேண்டாம். கறுத்து, வழவழப்பாகி, கெட்ட வாடை வீசினால் எந்த இன்ஜினுக்கும் ஆகாது. அதை மூடிய கேனில் தனியாக வையுங்கள்.

கேனிலிருந்து குழாய் வைத்து வாயால் உறிஞ்சி டீசல் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். துளி டீசல் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நுரையீரல் புண்ணாகும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். தண்ணீர் பாட்டிலில் டீசலை ஊற்றி வைப்பதும் வேண்டாம். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

வேஸ்ட் ஆயில் வேறு ரகம்

இன்ஜினிலிருந்து இறக்கிய ஆயிலில் உலோகத் தேய்மானமும் கரியும் கலந்திருக்கும். இந்த உலோகங்கள் மண்ணில் மக்காது. 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் இதுவும் அபாயகரக் கழிவுதான்.

கரையானுக்காக வேலிக் கம்பத்தில் பூசுவது, உண்ணிக்காக மாட்டின் மேல் தடவுவது, கொசுவுக்காகக் குட்டையில் ஊற்றுவது, குப்பையோடு கொளுத்துவது எல்லாமே வேண்டாம். கம்பத்தில் பூசியது மழையில் கரைந்து மண்ணில் இறங்கும். மாடு தன் உடம்பை நக்கும்.

"நெல்லில் கூண்டுப்புழுவுக்கு மண்ணெண்ணெய் விடுகிறோமே, இதை விட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். மண்ணெண்ணெய் வெயிலில் ஆவியாகிவிடும். வேஸ்ட் ஆயில் வயலிலேயே தங்கிவிடும்.

எங்கே கொடுப்பது?

வேஸ்ட் ஆயிலில் தண்ணீர், பெயின்ட், பூச்சி மருந்து எதையும் கலக்காமல் மூடிய கேனில் சேர்த்து வையுங்கள். கலந்துவிட்டால் மறுசுத்திகரிப்புக்கு ஆகாது. டிராக்டர் சர்வீஸ் சென்டரிலோ மெக்கானிக் ஷெட்டிலோ கொடுக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பு ஆலைக்குத்தான் போகிறதா?" சூளையில் எரிக்க வாங்குபவருக்குக் கொடுக்காதீர்கள்.

2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிக்கும் நிறுவனங்களே பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. கெட்டுப்போன டீசலுக்கு மாவட்ட மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் வழி கேளுங்கள்.

தரையில் கொட்டிவிட்டால்

தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். உடனே வேர்க்கடலைத் தோலையோ மரத்தூளையோ தூவி உறிஞ்ச விட்டு, அள்ளித் தனிச் சாக்கில் கட்டுங்கள். அதையும் கொளுத்தக் கூடாது. ஓரிரு லிட்டர் டீசல் என்றால், நனைந்த மண்ணைத் தோண்டி எடுத்து, கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, தார்ப்பாய் மேல் மெல்லியதாகப் பரப்புங்கள். மக்கிய தொழு உரம் கலந்து, ஈரம் காயாமல் வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் சில மாதங்களில் நுண்ணுயிர்கள் டீசலைச் சிதைக்கும். மழையில் கரையாமல் மூடி வையுங்கள். வேஸ்ட் ஆயிலுக்கு இந்த முறை உதவாது.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த உழவர் கூட்டத்தில் ஓடாத ஆயில் இன்ஜின் யார் யாரிடம் இருக்கிறது என்று கணக்கெடுங்கள். ஆளுக்கு 2 லிட்டருக்காகத் தனித்தனியே டவுனுக்கு அலைய மாட்டார்கள். ஊரில் எல்லோருடையதையும் சேர்த்து ஒரே நடையில் கொடுத்துவிட முடியும்.

போளூர் சாலைக் கிராமத்தில் அந்தக் கிணற்றைப் பலமுறை இறைத்துப் பார்த்துவிட்டார்கள். மழை பெய்தால் வாடை திரும்புகிறது. குடிநீருக்கு அந்த வீட்டுப் பெண்கள் இன்னும் தெருக்குழாய்க்குத்தான் நடக்கிறார்கள்.