மூச்சு வாங்கினால் வயதின் மேல் பழியா?



சங்க வேலையாகச் சிங்கப்பூர் போயிருந்தபோது உட்லண்ட்ஸில் ஒரு பெரியவரைப் பார்த்து வந்தோம். ஜொகூர் தோட்டம் ஒன்றில் 38 ஆண்டு உழைத்தவர். பெரும்பாலும் பால்மரம் வெட்டினார். இடையில் ஏழெட்டு ஆண்டு ரப்பர் ஷீட் காயும் புகைக்கூடத்தில் வேலை. மனைவி காலமான பிறகு மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறார்.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலிருந்து எதிரே உள்ள காப்பிக் கடைக்கு நடந்தோம். நூறு அடி தூரம் இருக்கும். அதற்குள் இரண்டு முறை நின்றுவிட்டார்.

"72 வயசாச்சு தம்பி. மூச்சு வாங்காம என்ன செய்யும்?" என்றார் சிரித்துக்கொண்டே.

தோட்டத்தில் இருந்த காலத்திலேயே அவருக்கு இந்தத் தொல்லை உண்டாம். மருந்து வாங்கப் போகும்போதெல்லாம், "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி இருமல் மருந்துப் போத்தலைக் கொடுத்து அனுப்பிவிடுவார்களாம். மகள் விடவில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊதச் சொன்னார்கள். மூச்சுக்குழாய் சுருங்கி அடைபடும் நாட்பட்ட நோய் என்று தெரிந்தது. இத்தனை ஆண்டும் வயதின் பேரில் எழுதப்பட்ட கணக்கு உண்மையில் நோயின் கணக்கு!

உட்லண்ட்ஸ் நமக்கு அந்நியமான ஊரல்ல. 1924இல் திறக்கப்பட்ட கடற்பாலத்தின் அந்தக் கரை அது. சிங்கப்பூரின் அந்த வடபகுதியிலும் ஒரு காலத்தில் ரப்பரும் அன்னாசியும்தான். இன்று நம் லயத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறார்கள். அவர்களைப் பெற்றவர்களின் மூச்சைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

மூக்கில் என்ன நடக்கிறது?

மூக்கு வெறும் ஓட்டையல்ல. உள்ளே போகும் காற்றை வடிகட்டி, சூடாக்கி, ஈரமாக்கி அனுப்பும் இயந்திரம் அது. வயது ஏற ஏற மூக்கைத் தாங்கி நிற்கும் குருத்தெலும்பு தளர்கிறது. நுனி சற்றுக் கீழே இறங்குகிறது. காற்றுப் போகும் வழி குறுகுகிறது. உள்ளே இருக்கும் மெல்லிய தோல் வறண்டு, சளி கெட்டியாகிறது. சிலருக்கு இதற்கு நேர்மாறாக, சோற்றில் கை வைத்ததும் மூக்கு ஒழுகும். இதுவும் முதுமையில் சாதாரணமாக வருவதுதான்.

வாசனை அறியும் சக்தியும் குறைகிறது. 60 வயதுக்குப் பிறகு இது கூடுதலாகத் தெரியும். "மருமகள் குழம்பில் ருசியே இல்லை" என்று பெரியவர்கள் குறைபட்டால், பல நேரம் குறை குழம்பில் இல்லை, மூக்கில்தான் இருக்கிறது. ருசி தெரியவில்லை என்று உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டால் இரத்த அழுத்தம் ஏறும். கேஸ் கசிவதும், சோறு ஊசிப்போனதும் தெரியாமல் போனால் உயிருக்கே ஆபத்து. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் பள்ளிப் பிள்ளைகள் மயங்கி விழுந்தார்கள். அவ்வட்டாரப் பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடப்பட்டன. இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் எச்சரிப்பது மூக்குதான். அந்தக் காவல்காரன் அசந்துவிட்ட வீட்டில், இளையவர்கள்தான் பெரியவர்களுக்காக முகர்ந்து பார்க்க வேண்டும்.

நெஞ்சில் என்ன நடக்கிறது?

நம் நுரையீரல் 20, 25 வயதில் முழு பலத்தோடு இருக்கிறது. பிறகு மெல்ல மெல்லக் குறைகிறது. புகை பிடிக்காத ஆரோக்கியமான மனிதருக்கு ஆண்டுக்குச் சுமார் 30 மில்லி லிட்டர் குறையும் என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். ஒரே மூச்சில் நாலு லிட்டர் ஊதிய வாலிபர், 35 ஆண்டு கழித்து ஏறக்குறைய மூன்று லிட்டர் ஊதுவார். விலா எலும்புக் கூடு இறுகுகிறது. மூச்சை இழுத்துவிடும் தசைகள் தளர்கின்றன. தூசியையும் சளியையும் மேலே தள்ளும் நுண்ணிய துடைப்பங்கள் மெதுவாகின்றன. இருமும் வேகமும் குறைகிறது. பெரியவர்களுக்குச் சளிக்காய்ச்சல் எளிதில் நுரையீரலுக்குள் இறங்குவது இதனால்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த மூன்று லிட்டர் போதும். கோயிலுக்கு நடக்க, பேரப்பிள்ளையைத் தூக்க, கடைக்குப் போய்வர அது தாராளமாகப் போதும். மேட்டில் ஏறினால் முன்னைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கும். அது வயசு. சமதரையில் நூறு அடிக்குள் இரண்டு முறை நின்றால் அது வயசல்ல, நோய்!

எந்த அடையாளங்களைக் கண்டால் போக வேண்டும்?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை. சளியில் இரத்தம் தெரிகிறது. காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறது. காசநோயா என்று உடனே பார்க்க வேண்டும்.

படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது. இது இருதயக் கோளாறாக இருக்கலாம்.

மூக்கின் ஒரே பக்கம் விடாமல் அடைத்திருக்கிறது, அல்லது அடிக்கடி இரத்தம் வருகிறது. தைலம் தடவிக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். தைலம் குளுகுளுவென்று இருக்கும், அடைப்பை நீக்காது.

வயதானவர் திடீரென்று சோர்ந்து, வேகமாக மூச்சு விட்டு, பேச்சுத் தடுமாறுகிறார். காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். முதுமையில் காய்ச்சல் இல்லாமலே நுரையீரல் அழற்சி வரும்.

வேலை தின்ற மூச்சு

நம் மூச்சைக் குறைத்தது வயது மட்டும்தானா? புகைக்கூடத்தில் நின்றவர் எத்தனை பேர்! களைக்கொல்லி மருந்தடித்த பெண்கள் எத்தனை பேர்! நுரையீரலைக் குறிவைத்துக் கெடுக்கும் பாராகுவாட் மருந்துக்கு மலேசியா 2002இல் தடை போட்டது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரி முதல் நாளில்தான் முழுத்தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதைத் தோளில் சுமந்தவர்கள் நம் தாய்மார்கள்.

வீட்டிலும் புகைதான். ஒரு சிகரெட்டும் தொடாத பாட்டிக்கும், காலமெல்லாம் விறகடுப்பை ஊதியதால் இந்த அடைப்பு நோய் வரும். சிகரெட் பிடிப்பவருக்கோ சொல்லவே வேண்டாம்.

போதாததற்குப் புகைமூட்டம். 2013 ஜூன் 21ஆம் தேதி சிங்கப்பூரில் காற்றுத்தூய்மைக் கேட்டின் அளவு 401ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து மூவாரில் 700ஐத் தாண்டியது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 300ஐத் தாண்டினாலே ஆபத்து என்று கணக்கு. அக்கரையில் முதியவர்களை வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். வெளியில் நின்று வேலை செய்தால்தான் அன்றைக்குக் கூலி என்கிறவரின் நெஞ்சு என்ன ஆகும்?

நாம் செய்ய வேண்டியது

முதலாவது, சிகரெட்டை விடுங்கள். "இத்தனை வயசுக்கு மேல் விட்டு என்ன?" என்று கேட்காதீர்கள். எந்த வயதில் விட்டாலும் நுரையீரல் கெடும் வேகம் குறையும். விடுவதற்கு உதவி செய்யும் பிரிவு அரசாங்கக் கிளினிக்குகளில் உண்டு.

இரண்டாவது, மூக்கு வறண்டால், கொதிக்க வைத்து ஆறிய நீரில் சிறிது உப்புக் கரைத்துக் கழுவலாம். கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை நாலைந்து நாளுக்கு மேல் விடாதீர்கள். அடைப்பு முன்னைவிட அதிகமாகும்.

மூன்றாவது, தினமும் நடங்கள். மூச்சு முட்டும்போது மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து, விளக்கை அணைக்காமல் சுடரை மட்டும் அசைப்பதுபோல நீளமாக விடுங்கள். சளிக்காய்ச்சலுக்கும் நுரையீரல் அழற்சிக்கும் தடுப்பூசி உண்டு. கிளினிக்கில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவதுதான் முக்கியம். "வயசாச்சு" என்று யார் சொன்னாலும், "சரி, ஊதிப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். வேலையில் இருப்பவர்கள் இன்றே கேளுங்கள். மருந்தடிப்பவர்களுக்குக் கவசம் கொடுப்பதும் பாதுகாப்பைக் கவனிப்பதும் முதலாளியின் கடமை என்று 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. வேலையால் வந்த நோய்க்குச் சொக்சோவில் மனுப் போட வழியுண்டு. மனுவுக்கு ஆதாரம் வேண்டும், எழுத்தில் வேண்டும்.

உட்லண்ட்ஸ் பெரியவரிடம் அந்த ஆதாரம்தான் இல்லை. எந்த ஆண்டில் மூச்சு வாங்கத் தொடங்கியது, அப்போது எந்த வேலையில் இருந்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இப்போது உறிஞ்சும் மருந்து பயன்படுத்துகிறார். சிகரெட்டை விட்டுவிட்டார். விடைபெறும்போது, "முன்னாடியே தெரிஞ்சிருந்தா இவ்வளவு முத்த விட்டிருக்க மாட்டேன் தம்பி," என்றார்.

தோட்டக் கமிட்டித் தலைவர்கள் கவனிக்கவும். மருந்தடித்தவர்கள், புகைக்கூடத்தில் நின்றவர்கள் பெயர்களை ஆண்டுவாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இருமல், மூச்சுத் தொல்லை உள்ளவர்களைக் கையோடு கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். அங்கே கொடுக்கும் சீட்டைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் கொண்டு வாருங்கள்.