ஸ்ட்ராப் தனி, கடிகாரம் தனி: சேர்த்துத்தான் வாங்க வேண்டுமா?



ஸ்மார்ட் வாட்ச் வாங்குகிறவர் தமக்குப் பிடித்த ஸ்ட்ராப்பைத் தாமே தேர்ந்தெடுக்கலாமா, அல்லது கம்பெனி பெட்டியில் வைத்துக் கொடுத்ததைத்தான் வாங்கியாக வேண்டுமா? அரிசி, பருப்பு விற்கும் நமக்கு இந்தக் கேள்வியால் என்ன லாபம் என்று தோன்றும். சற்று நிதானமாகப் பார்த்தால், இது நம் கல்லாப் பெட்டியைத் தொடும் கேள்வி என்பது விளங்கும்.

பழைய கைக்கடிகாரங்களை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானவற்றில் ஸ்ட்ராப் மாட்டும் இடத்தின் அகலம் 18, 20, 22 மில்லிமீட்டர் என்று பொது அளவில் இருக்கும். நடுவில் ஒரு ஸ்பிரிங் முள். எச்.எம்.டி. ஆனாலும், நம் ஓசூரில் தயாராகும் டைட்டன் ஆனாலும், பஸ் நிலையத்துக்கு அருகே உள்ள சிறு கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் வேறு ஸ்ட்ராப் மாட்டிக் கொடுத்துவிடுவார். அந்தப் பொது அளவுதான் அவருக்குப் பிழைப்பு.

2015-ல் ஆப்பிள் கம்பெனி தன் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதில் தனக்கே உரிய ஒரு காடியை வைத்தது. பொது அளவு ஸ்ட்ராப் அதில் நேரடியாகப் பொருந்தாது. இன்ன கடிகாரத்துக்கு இன்ன ஸ்ட்ராப் என்று ஜோடி சேர்த்தே பெட்டி கட்டியது. 2019-ல்தான், எந்தக் கடிகாரத்துக்கும் எந்த ஸ்ட்ராப்பையும் வாங்குபவரே சேர்த்துக்கொள்ளும் வசதியை அந்தக் கம்பெனி ஏற்படுத்தியது. சாம்சங் பல ஆண்டுகள் பொது அளவையே வைத்திருந்தது. 2024-ல் வந்த அதன் அல்ட்ரா வகையில் தனிப் பொருத்தியை வைத்துவிட்டது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆறு வகைக் கடிகாரம், பத்து வகை ஸ்ட்ராப் என்று வைத்துக்கொள்வோம். ஜோடி சேர்த்துப் பெட்டி கட்டினால் எல்லா விருப்பத்துக்கும் 60 வகைப் பெட்டிகள் வேண்டும். தனித்தனியாக வைத்தால் 16 வகைச் சரக்கே போதும். சேர்த்துக் கட்டும்போது முதலீடு முடங்குகிறது. கேட்கும் ஜோடி இல்லாமல் வாடிக்கையாளர் திரும்பிப் போகிறார்.

கம்பெனியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. ஜோடியாக விற்றால் பொருத்தம் சரியாக இருக்கும், தரக்குறைவான ஸ்ட்ராப் அறுந்து கடிகாரம் கீழே விழாது என்பார்கள். மறுப்பதற்கில்லை. ஆனால், பொருத்தத்துக்காகச் சேர்ப்பது வேறு. விற்காத சரக்கைத் தள்ளுவதற்காகச் சேர்ப்பது வேறு.

நம் கடைக்கு வருவோம்

ராஜகுளம் போன்ற ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு இது புதிதல்ல. ஓடுகிற சோப்பில் ஐந்து பெட்டி கேட்டால், ஓடாத ஷாம்புவில் ஒரு பெட்டியும் எடுத்தால்தான் தருவேன் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வது நாம் கேட்காததா? சோப்பு ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். ஷாம்பு அலமாரியிலேயே காலாவதி ஆகும். சோப்பில் வந்த லாபத்தை ஷாம்பு தின்றுவிடும்.

உத்திரமேரூர் வட்டாரம் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் பகுதி. நடவு முடிந்ததும் யூரியாவுக்கு அலைச்சல் ஏற்படும். யூரியாவுடன் இணைப் பொருட்களை வாங்கும்படி விவசாயிகளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று வேளாண்மைத் துறை திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. மீறினால் 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உரிமத்துக்கே ஆபத்து வரும். ஆனால் உர வியாபாரிகளோ, அந்த இணைப் பொருட்களைக் கம்பெனிகள்தான் தங்கள் தலையில் கட்டுகின்றன என்று முறையிடுகிறார்கள். மேலிருந்து தள்ளப்படும் சரக்குக்குக் கீழே இருக்கும் கடைக்காரர் பழி ஏற்கிறார். விவசாயியின் கோபமும் அவர் மேல், அதிகாரியின் நோட்டீசும் அவர் மேல்!

சட்டம் என்ன சொல்கிறது?

ஒன்றை வாங்க வேண்டுமானால் மற்றொன்றையும் வாங்கியே தீரவேண்டும் என்று நுகர்வோரைக் கட்டாயப்படுத்துவது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற கட்டுப்பாடு ஆகும். வாடிக்கையாளர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். மறுவிற்பனைக்காகச் சரக்கு எடுக்கும் நாம் அந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

நமக்கு உள்ளது 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவு, ஒரு பொருளுடன் வேறொன்றைக் கட்டிவிடும் ஒப்பந்தத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதனால் சந்தையில் போட்டிக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏற்பட்டால் அது செல்லாது. தனி வியாபாரி மட்டுமல்ல, வணிகர் சங்கமும் இந்தியப் போட்டி ஆணையத்திடம் தகவல் அளிக்கலாம் என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் தடுத்ததாக 2014-ல் 14 கார் கம்பெனிகளுக்கு அந்த ஆணையம் ரூ.2,500 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனாலும், பெரிய கம்பெனியையும் கேள்வி கேட்க முடியும் என்பது அதில் தெரிந்தது.

அதற்காக எல்லா ஸ்கீமும் தவறு என்று எண்ண வேண்டாம். ஸ்ட்ராப்புடன் கடிகாரம் விற்பதும் குற்றமல்ல, இரண்டு சோப்புக்கு ஒரு பிரஷ் இலவசம் தருவதும் குற்றமல்ல. "தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். நியாயமான விலையில் கிடைக்கும் என்றால் அது சலுகை. கிடைக்காது என்றால் அது கட்டாயம்.

உறுப்பினர்கள் செய்யக்கூடியவை:

1. ஆர்டர் கொடுக்கும்போது, வேண்டிய சரக்கை மட்டும் எழுத்தில் கொடுங்கள். கேட்காதது பில்லில் ஏறியிருந்தால் இறக்குமுன்பே திருப்பி அனுப்புங்கள்.

2. "இதையும் எடுத்தால்தான் அது" என்று வரும் செல்போன் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். வாய்ச்சொல்லை மட்டும் வைத்து நிரூபிப்பது கடினம்.

3. தனியாகச் சண்டை போட்டால் சரக்கு நின்றுவிடும் என்ற பயம் நியாயமானது. ஆகவே விவரங்களைச் சங்கத்துக்குக் கொடுங்கள். பத்துக் கடைக்காரர்கள் கையெழுத்திட்ட கடிதத்துக்கு விநியோகஸ்தர் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

4. நம் கடையிலும் இதைச் செய்யாதிருப்போம். தட்டுப்பாட்டுக் காலத்தில் சர்க்கரை கேட்டு வரும் அம்மாவிடம் தேயிலையையும் சேர்த்துத் தள்ளினால், அடுத்த மாதம் முதல் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார்.

கடிகாரத்துக்கு எந்த ஸ்ட்ராப் என்பதைக் கட்டிக்கொள்கிறவர் முடிவு செய்யட்டும். நம் அலமாரியில் எந்தச் சரக்கு என்பதை நாம் முடிவு செய்வோம். அந்த உரிமையை நாம் கேட்க வேண்டுமானால், நம் கடைப்படி ஏறி வருகிறவருக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும்.