முதலில், வளை யாருடையது?

விடியற்காலையில் கிழங்குப் பாத்தியின் ஓரமாக நடந்து பாருங்கள். நேற்று வெறுமையாக இருந்த இடத்தில் கூடை மண் குவிந்திருக்கும். புட்டுப்போல் உதிர்ந்த, ஈரம் காயாத மண். செடியைப் பிடித்து லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும். அடியில் பல் பதிந்த துண்டு ஒன்றுதான் மிச்சம். ஏற்காட்டில் காபிக்கும் மிளகுக்கும் இடையே வாழையோ கிழங்கோ வைத்தவர் உடனே கேட்பது, பொறி வைப்பதா, நாயை விடுவதா என்பதுதான். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த வளை யாருடையது?

வாயில் மண்ணைத் தள்ளி அடைத்திருந்தால், பெரும்பாலும் பெருச்சாளி இனத்தில் சிறியதான வயல் எலி. உள்ளே கிளை கிளையாகப் பாதை, நடுவில் படுக்கை, பக்கத்தில் தானியக் கிடங்கு. சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று அதிகம். ஓர் ஈற்றில் ஆறேழு குட்டிகள் சாதாரணம். இது வெளியிலிருந்து வந்த விலங்கு அல்ல. ‘பேண்டிகூட்’ என்ற ஆங்கிலப் பெயரே தெலுங்கின் ‘பந்திகொக்கு’விலிருந்து போனதுதான். ஆகவே மலையிலிருந்து இதைத் துடைத்தெறியும் பேச்சே வேண்டாம். தோட்டத்தில் அளவோடு வைத்திருப்பதுதான் வேலை.

வளை வாய் அகலமாக இருந்து, அருகில் முள்ளோ கடித்த எலும்போ கிடந்தால் அது முள்ளம்பன்றியின் வீடு. சில வளைகள் அழுங்குடையவை, சில உடும்புடையவை. இவை மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. எலி விட்டுப்போன வளையில் நல்ல பாம்பும் குடியேறும்.

இதனால்தான் ‘டெரியர்’ நாயைப் பற்றிய பேச்சில் எனக்குத் தயக்கம். மண் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. வளைக்குள் நுழையவே வளர்க்கப்பட்ட இனம். ஓடி வரும் எலியைக் கழுத்தில் கவ்வி உதறினால் சில நொடியில் வேலை முடியும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு வேட்டையாடுவதைத் தடுத்த 2004-ஆம் ஆண்டுச் சட்டம்கூட எலிக்கும் முயலுக்கும் விலக்கு அளித்தது. ஆனால் சேர்வராயன் மலையில் வளைக்குள் தலையை விடும் நாய் முகமெல்லாம் முள்ளோடு வரலாம், வராமலும் போகலாம். நம் சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் வெட்டவெளியில் ஓடப் பிறந்தவை. அவற்றைப் பொந்துக்குள் ஏவுவது பாவம்.

நாயின் பல்லைவிட மூக்குதான் நமக்கு உதவும். தென் அட்லாண்டிக்கின் சவுத் ஜார்ஜியா தீவுக்குக் கப்பல்களில் வந்த எலிகள் கடற்பறவைக் குஞ்சுகளைத் தின்று தீர்த்தன. 2011 முதல் 2015 வரை ஹெலிகாப்டரில் நச்சுத் தீனி தூவினார்கள். பிறகு ஒன்றாவது மிஞ்சியிருக்கிறதா என்று மோப்ப நாய்களைக் கூட்டிக்கொண்டு தீவில் தேடி நடந்து, 2018-இல் எலி இல்லை என்று அறிவித்தார்கள். அங்கே நாய் கொல்லவில்லை, கண்டுபிடித்தது. தோட்டத்து நாயையும் கயிற்றில் பிடித்தபடி வரப்போரம் நடத்தினால், அது நின்று முகரும் இடத்தில் அடையாளக் குச்சி ஊன்றலாம். நாய் இல்லாவிட்டால், மாலையில் எலி வளைகளை எல்லாம் மண்ணால் மூடுங்கள். காலையில் திறந்திருப்பவற்றில்தான் ஆள் இருக்கிறது.

அங்கே வையுங்கள் பொறியை. வயலுக்குத் தஞ்சாவூர் கிட்டி: மூங்கில் வில்லின் விசையில் இயங்குவது, ஹெக்டேருக்கு 100 வரை பரிந்துரைக்கப்படுகிறது. தோட்ட வீட்டுக்குக் கூண்டுப் பொறி. எலிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் கதவைத் திறந்தே கட்டிவைத்து, சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ போட்டுப் பழக்க வேண்டும். பொறுமையில்லாமல் முதல் நாளே மசால்வடையை மாட்டிவிட்டு, பொறி சரியில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். பசை அட்டை மட்டும் வேண்டாம். எலியை மணிக்கணக்கில் துடிக்கவைக்கும், ஓணானும் குருவியும்கூட ஒட்டிக்கொள்ளும்.

எலி பிடிக்கும் வித்தையை நன்றாக அறிந்தவர்கள் வடதமிழ்நாட்டின் இருளர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தோடு பாம்புத்தோல் வியாபாரம் நின்றபின் பல குடும்பங்களைத் தாங்கியது வயல்களில் எலி பிடிக்கும் வேலை. ஓட்டைச் சட்டியில் வைக்கோலை எரித்து, வாயால் ஊதி வளைக்குள் புகை ஏற்றுவார்கள். உதடும் கையும் வெந்துபோகும், நெஞ்சில் புகை தங்கும். வாயால் ஊதாமல் கையால் சுற்றும் இரும்புக் கருவியை அவர்களுக்குத் தரும் ஒரு தொண்டு நிறுவனத்தின் திட்டம் 2003-இல் உலக வங்கியின் பரிசைப் பெற்றது. மருந்தில்லாமல் நெல்லைக் காக்கும் இந்தக் கைகளுக்கு இன்னும் நியாயமான கூலி கிடைக்க வேண்டும்.

எலி மருந்தான துத்தநாக பாஸ்பைடு வைத்த தோட்டத்தில் நாயை அவிழ்த்தே விடாதீர்கள். அந்தத் தீனியைத் தின்றால் நாயும் போகும், செத்த எலியைத் தின்றாலும் அதற்கு ஆபத்து உண்டு. இரவெல்லாம் எலி பிடிக்கும் கூகைக்கு ஆகும் செலவு, அது உட்கார ஊன்றும் ஒரு ‘டி’ வடிவக் குச்சிதான். எலியை வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் மனிதருக்கும் நாய்க்கும் வரும். நாய்க்கு அதற்குத் தடுப்பூசி உண்டு. பக்கத்துத் தோட்டக்காரரிடமும் பேசி, இருவரும் ஒரே வாரத்தில் வளைகளை மூடிப் பார்த்துப் பொறி வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் காலி செய்த வளைக்கு அங்கிருந்து எலி குடிவரும்.