இறால் குஞ்சுகளும் வடிகட்டிக் குழாயும்

பள்ளிக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பதற்கு ஏற்ற நன்னீர் உயிர்களுள் செர்ரி இறாலும் ஒன்று. சீனம், தைவான் ஆகியவற்றைத் தாயகமாகக் கொண்ட இவ்வினத்தில், பெண் இறால் முட்டைகளை வயிற்றின் அடியிற் சுமந்து மூன்று நான்கு வாரங்களிற் பொரிக்கின்றது. குஞ்சுகள் தாயின் உருவையே ஒத்தவை. நீளமோ ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே. சில நாட்களில் அவை குறையக் கண்டோர் மீன்கள்மீது பழி சுமத்துவர். மீனே இல்லாத தொட்டியிலும் இவ்விழப்பு நேர்வதுண்டு. வடிகட்டியின் உறிஞ்சு குழாயே அங்குக் காரணமாம்.

குழாய் முகப்பின் பிளவுகள் குஞ்சின் உடலினும் அகன்றவை. ஆயினும் துளையை மட்டும் நோக்குதல் போதாது. நீரின் வேகத்தையும் நோக்குதல் வேண்டும். 2 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயின் வாய்ப்பரப்பு 3.14 சதுர செ.மீ. அதன்மேல் 5 செ.மீ. விட்டமும் 10 செ.மீ. நீளமும் உள்ள நுரைப்பஞ்சு உருளையைச் செருகினால், பக்கப்பரப்பு 157 சதுர செ.மீ. ஆகும். அதே நீர் ஐம்பது மடங்கு பரப்பின் வழியே புகுவதால், பஞ்சை அணுகும் நீரின் சராசரி வேகம் ஐம்பதில் ஒரு பங்காகின்றது. இக்கணக்கை மாணாக்கரைக் கொண்டே செய்விக்கலாம். குஞ்சுகளோ பஞ்சின்மீது ஊர்ந்து, ஆங்குப் படியும் நுண்ணுயிர்ப் படலத்தை மேயத் தொடங்கிவிடும்!

குழாய் வாயில் வலைத்துணி கட்டுவோரும் உளர். அது பரப்பை மிகுதியாகப் பெருக்காது, விரைவில் அடைபடும். பஞ்சும் நாளடைவில் அடைபடுவதே. நீரோட்டம் தளர்ந்ததும் பம்பை நிறுத்தி, பஞ்சிலுள்ள குஞ்சுகளை மெல்ல உதறிவிட்டு, தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து அதிற் பிழிதல் வேண்டும். குளோரின் கலந்த குழாய்நீர், அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்களை அழிக்கவல்லது. வாளி நீரைக் கொட்டுமுன் வெளிச்சத்திற் பார்த்தல் நன்று. இரண்டொரு குஞ்சுகள் அதில் நீந்திக்கொண்டிருத்தல் கூடும்.