புற்றுநோய் மருத்துவர்: பணியும் பயிற்சியும்

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை வட்டாரத்தில் புற்றுநோய் உறுதிசெய்யப்பட்டவர்கள் கிழக்கே திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ஆரியங்காவுக் கணவாயைக் கடந்து 1981இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்கோ, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் உருவான சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ செல்கின்றனர். எங்கே சென்றாலும், அவர்களுக்கு வேண்டிய சிகிச்சை முழுவதையும் ஒரே மருத்துவர் அளிப்பதில்லை.

கட்டியிலிருந்து எடுத்த சிறு திசுத்துண்டை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு தடிமனுள்ள சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் ஆராய்ந்து நோயின் வகையை அறிவிப்பவர் நோய்க்குறியியல் மருத்துவர். அவருடைய அறிக்கையே பிற முடிவுகளுக்கு அடிப்படையாகிறது. கட்டியை அதைச் சுற்றியுள்ள திசுவுடன் சேர்த்து அகற்றுபவர் புற்றுநோய் அறுவை மருத்துவர். உடலெங்கும் பரவக்கூடிய செல்களை மருந்தால் அழிக்கும் கீமோதெரபியையும், அதன் பக்கவிளைவுகளையும் கவனிப்பவர் புற்றுநோய் மருந்தியல் மருத்துவர். கதிர்வீச்சு மருத்துவரோ, சி.டி. ஸ்கேனின் ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்திலும் கட்டியின் எல்லையையும், அதை ஒட்டிய தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி போன்ற காக்கவேண்டிய உறுப்புகளின் எல்லையையும் தம் கையால் வரைகிறார். எவ்வளவு கதிர், எந்தெந்தக் கோணத்தில் என்பதை மருத்துவ இயற்பியலாளர் கணக்கிடுகிறார். தலை, கழுத்துப் பகுதிச் சிகிச்சையில் நோயாளி அசையாதிருக்க, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலை அவர் முகத்தின்மேல் படிய வைக்கப்பட்டு, ஆறியதும் முகமூடியாக இறுகுகிறது. இந்த வல்லுநர்கள் ஒன்றுகூடி ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சை முறையை முடிவு செய்யும் கூட்டம் 'டியூமர் போர்டு' எனப்படுகிறது.

இந்தப் பொறுப்பை ஏற்க நெடுங்காலப் பயிற்சி தேவைப்படுகிறது. உள்ளுறைப் பயிற்சியையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., அதன்பின் மூன்றாண்டு எம்.டி. அல்லது எம்.எஸ்., அதற்கும் மேல் மூன்றாண்டு டி.எம். அல்லது எம்.சிஎச். என்று இடைவெளியின்றிப் படித்தாலும் பதினொன்றரை ஆண்டுகள் ஆகின்றன. கதிர்வீச்சுத் துறைக்கு எம்.டி.யே போதுமானது. புற்றுநோய்க்கான டி.எம்., எம்.சிஎச். படிப்புகள் இந்தியாவில் முதன்முதலாக 1984இல் அடையாறு மருத்துவமனையில்தான் தொடங்கப்பட்டன. புற்றுநோய் மருத்துவத்தைத் தனித்த சிறப்புத்துறையாக நிலைநாட்டியதில் அம்மருத்துவமனையின் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்திக்கும் டாக்டர் வி. சாந்தாவுக்கும் பெரும் பங்கு உண்டு.

ஆயினும் இத்தனை ஆண்டுப் பயிற்சியின் முழுப்பயனும் நோயாளி எந்த நிலையில் வந்து சேர்கிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. பீடி புகைப்பதும் புகையிலை மெல்லுவதும் வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகும் நிலையில், மூன்று வாரம் கடந்தும் ஆறாத வாய்ப்புண்ணை ஐயத்துடன் நோக்கி, காலம் தாழ்த்தாமல் திசுப் பரிசோதனைக்கு அனுப்பிவைக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரும் இந்தக் கூட்டுப்பணியில் இன்றியமையாத பங்காளியே.