தொகுப்பு வீட்டுக்குப் பிறகு என்ன?

மழை பிடித்துக்கொண்டால் நம் காலனிகளில் முதல் வேலை, படுக்கையை நகர்த்துவதுதான். தொகுப்பு வீட்டின் கூரையில் எந்த இடத்தில் காரை பெயரும் என்பது குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். கம்பி துருப்பிடித்துத் தெரிய, மேலே தார்ப்பாய் போட்டு, பிள்ளைகளை ஓரமாகப் படுக்கவைத்து விடியவிடிய விழித்திருக்கும் தாய்மார்களை ஊர் ஊராகப் பார்த்து வருகிறோம்.

அவர்களிடம் போய், செங்கல் இல்லாமலே வீடு கட்டலாம் என்றால் சிரிக்கிறார்கள். ஆனால் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் அப்படி ஒரு கட்டடம் 2013-இல் எழுந்தது. இரண்டு தளம், நான்கு வீடுகள். கட்ட ஆன காலம் சுமார் ஒரு மாதம்.

உரத் தொழிற்சாலைகளில் மலைபோல் குவியும் ஜிப்சம் கழிவுதான் அதன் மூலப்பொருள். அதைச் சூடாக்கிப் பொடியாக்கி, கண்ணாடி இழை சேர்த்து, 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், ஐந்து அங்குலக் கனத்தில் பலகையாக வார்க்கிறார்கள். வரைபடப்படி கதவு, ஜன்னலுக்கு இடம்விட்டு அறுத்து லாரியில் ஏற்றுகிறார்கள். மனையில் அஸ்திவாரம் போட்டுப் பலகையை நிறுத்தி, உள்ளே இருக்கும் பொந்துகளில் வேண்டிய இடத்தில் கம்பியும் கான்கிரீட்டும் இட்டால் சுவர் தயார். தளத்துக்கும் அதே பலகை. பூச்சு வேலை இல்லை. சிமெண்டும் மணலும் தண்ணீரும் மிச்சம்.

“கழிவு என்றால் நம் தெருவுக்குத்தானா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முதலில் அந்தப் பலகையில் ஊராட்சி அலுவலகத்தையும் அதிகாரிகள் குடியிருப்பையும் கட்டட்டும். அவை நான்கு மழை தாங்கட்டும். பிறகு காலனிக்கு வரட்டும்.

வருவதற்கும் வழி வேண்டுமே! முழுப் பலகை ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். கிரேன் இல்லாமல் நிறுத்த முடியாது. ஆம்புலன்ஸே நுழைய முடியாத தெருவில் கிரேன் எப்படி நுழையும்? கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. மனைக்குப் பட்டா இல்லாத குடும்பம் அந்தத் தொகையை எட்டிப் பார்க்கக்கூட முடியாது.

இன்னொன்று. இணைப்புகளிலும் தளத்திலும் நீர்க்கசிவைத் தடுக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யாவிட்டால் இந்த வீடும் ஒழுகும். ஊருக்கெல்லாம் வீடு கட்டும் கொத்தனாரும் சித்தாளும் நம் தெருவில் இருக்கிறார்கள். பயிற்சியை அவர்களுக்குக் கொடுங்கள். தன் பிள்ளை படுக்கப்போகும் கூரையில் யாரும் கலவையைக் குறைக்கமாட்டார்கள்.

அடுத்த கிராம சபைக்கு மாணவர்கள் அவசியம் போக வேண்டும். முதலில் பட்டா, அடுத்து பாதை, அதன்பின் வீடு. இந்த வரிசையில் எழுதித் தீர்மானமாக்குவோம். எந்தப் பொருளில் கட்டுவது என்பதை, அதில் வாழப்போகும் நாமே முடிவு செய்வோம்.